கத்தாத செண்பகம்

தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்த செண்பகத்திடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அங்கேதான் நான் தவறினேன்.

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். லேபர் வார்டில் நான் சிஸ்டர். சனிக்கிழமைகளில் மாடி அறையில் கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் சொல்லித்தருவேன். "வலி வர்றப்போ கத்தாதீங்க, தெம்பு போயிடும். சூடான காபியை ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க." செண்பகம் ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடைக்காரர் வீட்டு மருமகள், திருநெல்வேலிப் பெண். என் வகுப்பில் அவளைப்போல் ஊதியவர் யாருமில்லை.

அன்று காலை பத்து மணிக்கு வந்தாள். பரிசோதித்ததில் கர்ப்பப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது. தலைப்பிரசவம். "நேரம் இருக்கும்மா, நட" என்றேன். அடுத்த பரிசோதனை இரண்டு மணிக்கு. அதற்குள் இன்னொருத்தி சேர்ந்தாள். அவள் அலறலில் வார்டே அவளுடையதாகிவிட்டது. அரை மணிக்கொரு தடவை செண்பகத்தின் வயிற்றில் குழந்தையின் துடிப்பு கேட்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். சிரிக்கிறவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றது என் இருபது வருட அனுபவம்.

பன்னிரண்டரைக்கு ஆயா முனியம்மா வாளியோடு வந்து நின்றாள்.

"சிஸ்டரு, அந்தப் பொண்ணை வந்து பாரு. செவுத்தைப் புடிச்சிக்கினு நிக்குது."

"வலிக்கு அப்படித்தான் நிக்கச் சொல்லியிருக்கேன்."

"இன்னாத்த சொன்னியோ. கால் வெரலு சுருண்டுகினு கீது. ஊதி முடிக்கறப்போ முக்குது. நானும் நாலு பெத்தவ."

ஓடினேன். முகம் அமைதி. கால் விரல்கள் மட்டும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. படுக்கவைத்துப் பார்த்தால், முழுக்கத் திறந்து தலை தெரிந்தது. டாக்டரை அழைத்தேன். "பனகல் பார்க் சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். நீங்களே எடுத்துடுங்க."

தலை வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று. விரலை நுழைத்துத் தலைவழியே கழற்றினேன். உடம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. நீலம். பிள்ளையும் அம்மாவைப்போலவே சத்தமில்லை.

துணியால் முதுகைத் தேய்த்தேன். வாயைச் சுத்தம் செய்தேன். மறுபடி தேய்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் வளையல், கிளிப் என்று கூவி விற்றுக்கொண்டிருந்தான். உலகத்தில் எல்லோருக்கும் குரல் இருந்தது, என் கைக்குள் இருந்ததற்கு மட்டும் இல்லை. கத்தாதே என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய், கத்து, கத்து என்று முணுமுணுத்தது.

முதலில் ஒரு கீச்சு. அப்புறம் அழுகை. நீலம் மெல்லச் சிவந்தது.

பிள்ளையைத் துடைத்து அவள் மார்பில் போட்டபின் கேட்டேன். "ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

"கத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய. உங்க பேரைக் கெடுக்கக் கூடாதேன்னு இருந்தேன்."

"நல்லா கத்துக்குடுத்த போ" என்றாள் முனியம்மா, தரையைத் துடைத்தபடி.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சத்தத்தை வைத்து வலியை அளக்காதீர்கள். காலைப் பாருங்கள். முக்குகிறாளா என்று கேளுங்கள். கடிகாரத்துக்குக் காத்திராமல் பரிசோதியுங்கள். என் வகுப்பில் இப்போது முதல் பாடம் மூச்சு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை உரக்க என்னைக் கூப்பிட வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் இரண்டு முறை.

மூன்று வருடம் கழித்துச் செண்பகம் இரண்டாவதுக்கு வந்தாள். ஆட்டோ நிற்பதற்குள் "சிஸ்டர்" என்று ஒரு குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.