போர்டுலயே எல்லாம் இருக்குது

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவன் பேரு மிஷின் ஓடற வரைக்கும் யாருக்கும் ஞாபகம் வராது. நின்னுச்சுன்னா குழந்தை குட்டிக்கெல்லாம் தெரியும். ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டுல கடை வெச்சிருந்தேன். சவுண்டு, டிஸ்ப்ளே, நெட்வொர்க், மோடம் எல்லாத்தையும் மதர்போர்டுலயே வெச்சு அனுப்ப ஆரம்பிச்ச காலம். திருட்டு விண்டோஸ் போட்டா ரெய்டு வருமாம்னு பயந்து, "லினக்ஸ் போடு, அது ஓசிதானே"ன்னு கம்பெனிக்காரங்க வரிசையில நின்னாங்க. போர்டுல இருக்கற சிப்பு லினக்ஸுக்குத் தெரியணுமே, அந்தக் கவலை யாருக்கு? நமக்குத்தான். இதுல மாட்டிக்கினு முழிச்ச அண்ணன் தம்பிங்களே, உங்களுக்குச் சொன்னாத்தான் புரியும்.

சீல் உடைக்கக் கூடாது

மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சாமான் வாங்கப் போறப்பல்லாம் பையில ஒரு லினக்ஸ் சி.டி. வெச்சிருப்பேன். கவுன்டர்லயே போர்டை ஓட்டிப் பாத்து, எல்லாம் தெரியுதுன்னா வாங்கறது என் வழக்கம். ஏன்னா டப்பாவுல அதே மாடல், அதே படம் இருக்கும். உள்ள சிப்பை மட்டும் சத்தமில்லாம மாத்திடுவான். எத்தனாவது தடவை மாத்தினான்ங்கற நம்பரு போர்டு மூலையில எறும்பு சைஸுல அடிச்சிருக்கும். டப்பாவைத் திறந்தாத்தான் தெரியும். ஒரு நாள் கடைக்காரர் திறக்கவே மாட்டேன்னுட்டார். சீல் உடைஞ்சா மால் திரும்ப எடுக்க மாட்டாங்களாம். "உள்ள இன்னா சிப்புன்னு பாக்காம எப்படிண்ணா வாங்கறது?"ன்னு கேட்டேன். அவர் டீயை உறிஞ்சிக்கினே சொன்னார்:

"போட்டோவைப் பாத்துதானே பொண்ணு கட்டின? அதேமாதிரி டப்பாவைப் பாத்து வாங்கிக்கினு போ."

பாயோட மோடம்

அந்தமாதிரி வாங்கின ஒரு போர்டு பழவேற்காட்டுக்குப் போச்சு. அங்க ஒரு பாய், கருவாட்டு வியாபாரத்தோட ஒரு பிரவுசிங் சென்டரும் தொடங்கினார். போன் லைன்ல இன்டர்நெட் புடிக்கற மோடம் போர்டுலயே இருந்துச்சு. ஆனா அது விண்டோஸுக்கு மட்டுமே வேலை செய்யற மோடம். லினக்ஸ் கூப்பிட்டா செவிடன் காதுல ஊதின சங்குதான். துபாய்ல இருக்கற மச்சான்கிட்ட பேசணும்னு பாய் ஊட்டுல எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. நான் மூணு நாள் தலைகீழா நின்னு பாத்துட்டு, கடைசியில வெளியில தனியா ஒரு மோடம் மாட்டினேன். மச்சான் குரல் கேட்டுச்சு. பாய் முகத்துல மட்டும் சிரிப்பு வரல.

"ஏன் தம்பி, ஊட்டுக்குள்ள கிணறு வெட்டிட்டு, தெருக்குழாய்ல போய்த் தண்ணி புடிக்கச் சொல்றியா?"

அடிச்ச வரி

அதோட புத்தி வந்துச்சு. அடுத்து தொழிற்பேட்டையில இரும்பு உருக்கற ஒரு கம்பெனி கூப்பிட்டாங்க. கேட்டுல ஒரு கம்ப்யூட்டர். ஆளுங்க கார்டு தேய்ச்சா யார் உள்ள வந்தான், யார் வெளிய போனான்னு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு உடனே போகணும். லினக்ஸ்தான். கொட்டேஷன்ல போர்டோட, தனியா ஒரு நெட்வொர்க் கார்டும் எழுதினேன். லினக்ஸுக்குப் பழகின பழைய மாடல் கார்டு, ஒரு சாப்பாட்டு கேரியர் விலைகூட இல்ல. பர்ச்சேஸ் ஆபீசர் சிவப்புப் பேனாவால அந்த வரியை அடிச்சார்.

நினைச்ச மாதிரியே போர்டுல இருந்த நெட்வொர்க் சிப்பு புதுசு. அந்த சிப்பை லினக்ஸுக்குப் புரிய வைக்க, இன்டர்நெட்ல யாரோ எழுதி வெச்சிருந்த டிரைவர் புரோகிராமைப் போட்டு ஓட்டினேன். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் நெட்வொர்க் செத்துடும். அதனால மணிக்கு ஒருதரம் நெட்வொர்க் மட்டும் அதுவா அணைஞ்சு எழுந்துக்கற மாதிரி செஞ்சு வெச்சேன். நடுவுல செத்தா, அடுத்த மணி அடிக்கற வரைக்கும் ஆபீசுக்குச் சேதி போகாது. வெளியில இருந்து பாத்தா நல்லாதான் ஓடும். இதை ஆபீசர்கிட்ட மென்னு முழுங்கிச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பாக்கல.

"போர்டுலயே எல்லாம் இருக்குதுன்னு நீதானே சொன்ன? அப்புறம் தனியா இன்னா கார்டு?"

ஏழு பேர்

நாலு மாசம் கழிச்சு, ஒரு காலைப்பொழுதுல, பத்தே முக்கால் மணிக்கு உலை வெடிச்சுது. சத்தம் என் கடை வரைக்கும் கேட்டுச்சு. கரண்டு போயி கேட்டு கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சு. ஜெனரேட்டர்ல ஓடின ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து லிஸ்ட் எடுத்தாங்க. உலைப் பக்கம் ஏழு பேர். வெந்தும் வேகாமலும் ஏழு பேரையும் வெளிய தூக்கினாங்க. கணக்கு சரியாப் போச்சுன்னு தேடறதை நிறுத்திட்டாங்க.

எட்டாவது ஆளு முனிரத்தினம். ஒரு ஆளு வரலன்னு மேஸ்திரி அவசரமா ஆரம்பாக்கத்துல இருந்து கூப்பிட்ட கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரைக் கூப்பிட்டது மேஸ்திரிக்குத்தான் தெரியும். மேஸ்திரியோ நினைவில்லாம ஆஸ்பத்திரியில. ரெண்டு மணி நேரம் கழிச்சு, சரிஞ்ச தகரத்தை ஒதுக்கப் போனவங்க கண்ணுலதான் முனிரத்தினம் பட்டார். அப்ப மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அதுவும் நின்னுபோச்சு. தூக்கினு போன செக்யூரிட்டி பெரியவர் சாயங்காலம் என் கடைக்கு வந்து, உக்காராமலே சொன்னார்:

"கூரைக்குக் கீழ கை தட்டற சத்தம் கேட்டுச்சுப்பா. லிஸ்ட்ல ஆளு இல்லியே, தகரம் ஆடுதுன்னு நினைச்சிட்டோம்."

பத்து நாற்பத்தொண்ணு

மறுவாரம் கம்பெனியில இருந்து ஆள் வந்தது. கேட்டுல புது போர்டு மாட்டணும், பழைய ஹார்டு டிஸ்க்கை சுத்தமா அழிச்சுடணும். புது போர்டை மாட்டினேன். டிஸ்க்கை மட்டும் கடைக்குக் கொண்டாந்து அழிக்கறேன்னு பையில போட்டுக்கினேன். பொய்தான் சொன்னேன்.

கேட்டு கம்ப்யூட்டர் மாட்டினது நான்தான்னு செக்யூரிட்டி பெரியவர் சொல்லி, ரெண்டு நாள்ல முனிரத்தினம் சம்சாரம் கொழுந்தனோட கடைக்கு வந்துச்சு. கார்டு தேய்க்காம திருட்டுத்தனமா உள்ள போனார், அவர் சாவுக்குக் கம்பெனி பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். "கார்டு போட்டாரா இல்லியா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்ணா"ன்னு கேட்டுச்சு. டிஸ்க்கை மாட்டினேன். கேட்டு கம்ப்யூட்டர் தன் வயித்துல பத்திரமா எழுதி வெச்சிருந்துது: முனிரத்தினம், உள்ளே, பத்து நாற்பத்தொண்ணு. நெட்வொர்க் செத்தது பத்து இருபதுக்கு. பதினோரு மணிக்குத்தான் எழுந்திருக்கும்.

மூணு பிரதி எடுத்துக் குடுத்தேன். அந்தக் காகிதத்தை வெச்சுதான் பின்னால கேஸ் அவங்க பக்கம் ஆச்சு. எனக்கு அந்தக் கம்பெனி வாசல் அதோட மூடிச்சு. காகிதம் குடுத்த அன்னிக்கு என் மனசு தாங்கல. அடிச்ச வரியிலிருந்து மணிக்கு ஒருதரம் எழுப்பி விட்டது வரைக்கும் எல்லாத்தையும் அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். தனியா சொந்தக் காசுல ஒரு கார்டு மாட்டியிருக்கலாம்னும் சொன்னேன். கத்தும், மண்ணை வாரித் தூத்தும்னு நினைச்சேன். காகிதத்தை நாலா மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கினு, சாதாரணமா கேட்டுச்சு:

"அவரு உள்ள இருக்காருன்னு பொட்டிக்குத் தெரிஞ்சிருக்குது. பொட்டி சரியில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்க ஊட்டுக்காரருக்குத்தான் ஒண்ணும் தெரியல, இல்லண்ணா?"

இருபது வருஷத்துல என்னைத் திட்டின கஸ்டமருங்கள்ல ஒருத்தர் முகமும் இப்ப ஞாபகத்துல இல்ல. திட்டாம எழுந்து போன ஒரு பொம்பளை முகம்தான் ஒவ்வொரு டப்பா சீலை உடைக்கறப்பவும் எதிர்ல வந்து நிக்குது.