ஏலப்பாறைச் சந்தில் நான் வைத்த பொட்டு

கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் ஏலப்பாறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அப்போது அங்கே தபால் ஆபீசில் வேலை. பிறகு மாற்றலாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, தோட்டம், மாடு, பிள்ளைகள் என்று முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. இந்தத் தை மாதம் மருமகள் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே சொன்னாள். விடுவேனா?

"ஏனுங்க, ஒருக்கா போயி நாம குடியிருந்த ஊட்டைப் பாத்துட்டு வரலாமுங்க."

"அது இன்னும் நிக்குதோ என்னமோ அம்மிணி. அந்த மழைக்குக் கரைஞ்சே போயிருக்கும்" என்றார். ஆனால் மறுநாளே பெட்டி மேலிருந்த ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பாலக்காடு வரை பஸ், ரயில் நிலையத்துக்கு ஆட்டோ. அங்கிருந்து கோட்டயத்துக்கு ரயிலில் நாலரை மணி நேரம்; முன்பதிவில்லாத டிக்கெட் தலைக்கு எண்பத்தைந்து ரூபாய். கட்டுச்சோறு கொண்டுபோயிருந்ததால் சாப்பாட்டுச் செலவு இல்லை. கோட்டயத்திலிருந்து குட்டிக்கானம் வழியாக ஏலப்பாறைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய், மூன்று மணி நேரம். முண்டக்கயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட ஆரம்பித்தேன். அந்த வளைவுகளில் அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.

நாலரை மணிக்கு இறங்கி, ஒரு சாதாரண விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தோம். வெந்நீர் வாளிக் கணக்கில்தான்; முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, எங்கள் ஊர்க் கோயில் குங்குமப் பொட்டலத்தையும் பையில் வைத்துக்கொண்டு, பழைய வீட்டைத் தேடிப் போனோம். கடைத்தெருவுக்குப் பின்னால் இறங்கும் சந்து அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் அங்கே பாசியும் ஈரமும்தான் இருக்கும். இப்போது சந்து முழுக்கச் சித்திரம்! ஒரு சுவரில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதில் கொதிக்கும் கட்டன்சாயா, பால் விடாத டீ. மழைநீர் இறங்கும் குழாய் யானையின் தும்பிக்கையாகியிருந்தது. ஒரு வாசற்படியில் நாய் படுத்திருக்க, என் வீட்டுக்காரர் "ச்சூ, போ" என்று இரண்டு தடவை விரட்டினார். அது சுவரில் வரைந்த நாய். நான் சிரித்த சிரிப்பில் ஒரு வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

எங்கள் வீடு நிற்கிறது. ஓடு போய்த் தகரம் வந்திருக்கிறது. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்; கதவு பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் வரிசையாக ஆறு குடைகளை வரைந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதே இடத்தில்தான் நாங்களும் குடையை மாட்டுவோம். சமையலறை ஜன்னல் மட்டும் மாறவில்லை. அதன் வழியே பார்த்தபடிதான் முதன்முதலாக நான் தனியாகச் சோறு வடித்தேன், கையைச் சுட்டுக்கொண்டு.

சந்து முனையில் அந்தக் காலத்தில் ஒரு மாடத்தில் அம்மன் கல் இருக்கும். வெள்ளி தவறாமல் விளக்கு வைப்பேன். இப்போது மாடத்தை அடைத்துப் பூசி, அங்கேயும் ஒரு சித்திரம். அகன்ற முகம், தலைக்குப் பின்னால் பொன்னிறத்தில் வட்டமாகத் திருவாசி, கையில் வேப்பிலை. கல்லுக்குப் பதிலாக அம்மனையே வரைந்துவிட்டார்கள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. செருப்பைக் கழற்றி, குங்குமத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எட்டி வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"யக்கா! என்ன செஞ்சிட்டீக?"

ஜன்னல் திறந்த வீட்டுப் பெண்தான் ஓடி வந்தாள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பெயர் ஜெயா.

"அம்மனுக்குப் பொட்டு வச்சனுங்க."

"அம்மன் இல்லக்கா, எங்க அம்மா! அன்னத்தாயி. தோட்டத்துல கொழுந்து எடுத்தவுக."

மறுபடி பார்த்தேன். திருவாசி இல்லை, முதுகில் மாட்டிய கூடையின் விளிம்பு. வேப்பிலை இல்லை, தேயிலைக் கொழுந்து. அம்மன் கல்லை மேலே புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய் வருடக் கணக்காகிறதாம்.

ஜெயா விரலால் துடைக்கப் போனாள். துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து இழுபடும் போலிருந்தது. விட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். சந்துச் சித்திரங்கள் எல்லாம் அவள் தம்பி கணேசன் கைவேலை. சின்னக்கானல் பக்கம் ரிசார்ட் சுவர்களில் வரைந்து, மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து இங்கே வரைகிறான். அப்பா இறந்தபோது அவன் கைக்குழந்தை. அவளுக்கு ஒன்பது வயது.

"அம்மா படத்துக்குப் பொட்டு வையிடான்னேன். நான் பாக்காத பொட்ட எப்படி வரைவேங்கான். நான் பாத்திருக்கேன்லன்னேன். பெரிய சண்டையாப் போச்சு. நாலு மாசமா வாரான், சுவர்ல வேல பாக்கான், என் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்கான். ஞாயித்துக்கிழமை வந்து இதப் பாத்தா, நாந்தான் திருட்டுத்தனமா வச்சேம்பான்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கைம்பெண்ணாகவே வாழ்ந்து முடிந்தவரின் நெற்றியில், கேட்காமல் கொள்ளாமல். "உங்க தம்பி நம்பரைப் போட்டுக் குடுங்க, நானே சொல்றேனுங்க" என்றேன். என் வீட்டுக்காரர், "திட்டுனா வாங்கிக்கோ" என்று தைரியம் சொன்னார்.

ஸ்பீக்கரில் போட்டாள். யார், எந்த ஊர், என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எவ்வளவு பெருசு வச்சீக?" என்றான்.

"கால் ரூபாக் காசு அளவு இருக்குமுங்க தம்பி."

"அக்கா நிக்காளா?"

"நிக்கேன்டா."

"அம்மா அவ்வளவு பெருசாவா வப்பாக?"

ஜெயா சுவரைப் பார்த்தாள். "இல்லடா. இதுல பாதிதான். இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல. கொழுந்து எடுத்துட்டு வாரப்ப வேர்வையில ஒரு பக்கமா வழிஞ்சு கெடக்கும்."

"ம்" என்றான். "தொடைக்காத. மழை பாத்துக்கும். ஞாயித்துக்கிழமை சோறு வையி."

ஜெயா போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். எங்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். மீதிக் குங்குமப் பொட்டலத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், சந்தும் வழுக்கும். காலை ஒன்பது மணிக்குள் போனால் வெயில் சாய்வாக விழுந்து சித்திரங்கள் நன்றாகத் தெரியும். நாயைப் பார்த்து ஏமாறாதீர்கள். சந்து முனையில் அன்னத்தாயி அம்மாள் இருப்பார். நீங்கள் போகும்போது நெற்றியில் பொட்டு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், நீங்கள் வைக்க வேண்டாம். எவ்வளவு பெரிது, எந்த இடம் என்பது ஜெயாவுக்குத்தான் தெரியும்.