ஹாரன் ஒயரைக் கழற்றியவர்

அண்ணாமலை நகரிலிருந்து கடலூருக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். ஓட்டியவருக்கு நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வழியில் மாடுகள் மறித்தபோதும் அவர் ஹாரன் அடிக்கவில்லை, நிறுத்திக் காத்திருந்தார். பின்னால் வந்த பஸ்காரர், "யோவ், தூங்குறியா?" என்று கத்திவிட்டுக் கடந்துபோனார்.

"ஹாரன் ரிப்பேருங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் ஒயர கழட்டி வச்சிருக்கேன் சார். காரு மச்சானோடது, திட்டுறான். கனடாவுல, ஒன்டாரியோவுல பொண்ணு இருக்குது. அங்க போயிருந்தப்ப லைசென்சு ரோடு டெஸ்ட்டுல, ரோட்ட தாண்டுன ஒரு அம்மாவுக்கு ஹாரன் அடிச்சிட்டேன். அவுங்க பத்திரமா போவட்டும்னுதான் அடிச்சேன். அங்க அது நடந்து போறவங்கள மெரட்டுற மாதிரியாம், பெயிலாக்கிட்டாங்க. அடுத்த மாசம் திரும்பப் போனதும் மறுபடியும் டெஸ்ட்டு. அதுக்குள்ள இந்தக் கை மறக்கணும்."

"பாசாகலைன்னா?"

"முழு லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல உக்காந்தாதான் ஓட்ட விடுவாங்க. பால் வாங்கப் போவக்கூடப் பொண்ணு கூட வரணும். அதுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான் சார்."

கடலூரில் இறங்கும்போது, கண்டிப்பாகப் பாசாகிவிடுவீர்கள் என்றேன்.

"ஆயிடுவேன் சார். அப்புறம் இங்க வந்தா எப்படி ஓட்டுறதுன்னுதான் தெரியல."

பஸ் நிலைய நெரிசலுக்குள் அவருடைய கார் சத்தமில்லாமல் நுழைந்தது. அது வெளியே வந்து சேரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.