டைமண்ட் கேட்ட டபுள்

ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவர் அவர். ஷாக் அடித்தால் கையை உதறிவிட்டு மறுபடி அதே பெட்டிக்குள் விடுகிற ஆள். அப்பேர்ப்பட்ட வயர்மேனுக்குத்தான் அன்று ஒரு சீட்டை இறக்கப் பயம் வந்தது.

எதிரே ஜோடியாக உட்கார்ந்திருந்தது அவர் மனைவி, தையல்காரி. மன்றத்துச் சீட்டு மேஜையில் இருவரும் முப்பது வருஷமாகப் பிரிட்ஜ் ஜோடி. ஆறு மாதமாக அவளுக்கு ஞாபகம் பிசகிக்கொண்டு வந்தது. பொத்தான் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஒரு பேன்ட்டுக்கு இரண்டையும் இடது காலாகவே வெட்டிவிட்டாள். மகள் பயந்துபோய்க் காப்பகத்தில் இடமே பேசிவிட்டாள்.

"வந்து அவ ஆடறதைப் பாரு. புத்தி கலங்கினவ பிரிட்ஜ் ஆடுவாளா?" என்று வயர்மேன் மகளை வீம்பாகக் கூட்டி வந்திருந்தார்.

"சரி, ஜெயிச்சுக் காட்டட்டும். காப்பகப் பேச்சையே விட்டுடறேன்" என்று மகளும் வாக்குக் கொடுத்திருந்தாள். சீட்டில் அவளுக்கு ராஜா ராணியைத் தவிர ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி ஆட்டம். அதுவரை இரு பக்கமும் சரிசமம். மருந்துக்கடைக்காரரும் அவர் மச்சானும் எதிர்ஜோடி. மச்சான் முதலில் டைமண்ட் என்றார். ஏலம் ஏறி ஏறி, மருந்துக்கடைக்காரர் ஆறு ஸ்பேட் என்று நின்றார். ஸ்பேட் துருப்பு, பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுத்தாக வேண்டும். வயர்மேன் பாஸ். மச்சான் பாஸ். தையல்காரி நிமிர்ந்து, "டபுள்" என்றாள். இனி யார் தோற்றாலும் அடி இரட்டிப்பு.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களாம்மா?" மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"ஏன், டபுள் சொல்ல டாக்டர் சீட்டு வேணுமா?"

முதல் சீட்டை இறக்க வேண்டியவர் வயர்மேன். அவர்களுக்குள் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. எதிராளி ஆறு கேட்டு அவள் டபுள் சொன்னால், இவர் கையில் உள்ள நல்ல சீட்டை மறந்துவிட வேண்டும். எதிர்ஜோடியில் மச்சான் இடத்தில் இருப்பவர் முதலில் சொன்ன இனத்தை இறக்க வேண்டும். அவளிடம் அது ஒன்றுகூட இல்லை, துருப்பால் வெட்டுவாள் என்று பொருள். இவரிடம் ஐந்து குட்டி டைமண்ட். இவரிடமே ஐந்தென்றால் அவளிடம் இல்லாமல் இருக்கலாம். கணக்கு ஒத்துத்தான் வந்தது.

ஆனால் முந்தைய ஆட்டத்தில், துருப்பு எது என்று இரண்டு தடவை கேட்டவள் அவள். இந்த டபுளும் சும்மா வாயில் வந்துவிட்டதோ? ஆட்டின் இனத்தில், அதாவது ஹார்ட்டில், ராஜா, ராணி, ஜாக் வரிசையாகக் கையில் இருந்தன. அதை இறக்கினால் யாரும் வாய் திறக்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்தார். இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யோசனையா, வெறிப்பா? நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல யாரும் என்னிடம் வராதீர்கள். பயம் வந்தால் பார்வை மங்கத்தான் செய்யும்.

ஆட்டின் ராஜாவை இறக்கினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஆஸால் பிடித்தார், துருப்புகளை உருவினார், மச்சானின் டைமண்டில் தன் வேண்டாத ஆட்டினைக் கழித்தார். பன்னிரண்டு பிடி. தையல்காரிக்குக் கிடைத்தது கிளாவர் ஆஸ் ஒன்றுதான். டைமண்ட் அவளிடம் ஒன்றுகூட இல்லை. இவர் அதை இறக்கியிருந்தால் துருப்பால் வெட்டி, கிளாவர் ஆஸையும் அடித்து, இரண்டு பிடியில் கவிழ்த்திருப்பாள்.

"டைமண்ட் கேட்டேனே" என்றாள்.

மகள் எழுந்தாள். "அம்மா என்னமோ சொல்லப் போய்த்தானே தோத்தீங்க?"

"இல்லம்மா, அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் தப்பா இறக்கிட்டேன்."

"போதும்ப்பா. இன்னும் எத்தனை நாளைக்கு மூடி மறைப்பீங்க?"

வயர்மேன் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்களேன்!"

"அம்மா மேல தப்பே இல்லம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் நோயாளி வீட்டாரிடம் பேசுகிற அந்தக் கனிந்த குரலிலேயே சொல்லித் தொலைத்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வயர்மேன் மனைவியின் கையைப் பிடித்தார். "நீயாவது எடுத்துச் சொல்லேன்."

"நீங்களே நம்பலை. அவ எப்படி நம்புவா?" என்றாள் அவள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, எழுந்திருக்க மகளின் தோளைப் பிடித்தாள்.