கல்லுமேட்டு மேசனும் மேற்குச் சுவரும்

மேசன் நல்லரத்தினம் பிறந்தது பெரியகல்லாற்றில். தகப்பன் வாவியில் வலை போட்டவர். நாலு பெண்பிள்ளைகளுக்கு மூத்தவராக இவர் ஒருவர்தான் ஆண். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்களுக்குப் போகும். ஆண்பிள்ளை கட்டிக் கொடுப்பான், பிறகு வேறொரு பெண்ணின் வீட்டுக்குக் குடி போவான். நாலு தங்கைமாருக்கும் வீடு கட்டி முடித்த பிறகுதான் நல்லரத்தினத்துக்குக் கலியாணம் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பெண் அன்னப்பூரணி, என் சின்னம்மாவின் கடைசி மகள். ஆகவே அவர் எனக்கு மச்சான்.

அன்னப்பூரணியின் வீடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், உன்னிச்சைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அவளுடைய சீதனக் காணி இரண்டேக்கர் வயல். அந்த வயல்வெளியின், எங்கள் பேச்சில் வட்டையின், தலைமாட்டில்தான் கல்லுமேடு. மேடு என்றால் பனை உயரத்துக்குச் செங்கல் குவிந்து, மேலே பாலை மரமும் பற்றையும் முளைத்துக் கிடந்தது. உச்சியில் கிணறு போல ஒரு பள்ளம். யாரோ புதையல் தேடி வெட்டியது என்று சொல்லுவார்கள். எந்தத் தலைமுறையில் வெட்டினார்கள் என்று என் தாய்க்கும் தெரியாது, அவளுடைய தாய்க்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினாலில் தொல்பொருள் திணைக்களத்துக் கந்தோரில் இருந்து ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டார்கள். அது புத்த சமயத்தாரின் பழைய தூபி, ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாகும் என்றார்கள். யாருடைய வயல் எவ்வளவு போகுமோ என்ற பயம் வட்டைக்காரர் எல்லாருக்கும் இருந்தது. அந்த நேரத்தில் நல்லரத்தினம் தூபியைத் திருத்துகிற வேலைக்குக் கூலியாகப் போனார். சொந்தத்தில் பாதிப் பேர் ஒரு போகம் முழுக்க அவரோடு பேசவில்லை. கந்தப்போடி என்று எனக்கும் அன்னப்பூரணிக்கும் பெரியப்பா முறையான ஒருவர் நடுத்தெருவில் வைத்துக் கேட்டார்.

“என்ன மருமகன், கோயில் மதில் விழுந்து கிடக்கு, அதுக்கு ஒரு கல்லு வைக்க ஆளில்ல. நீ அங்க போய் அடுக்கிறாய்?”

“கோயில் மதிலுக்குக் கூலி தாறதெண்டா அதையும் அடுக்குவன் மாமா. நீங்கதானே கோயில் தலைவர்?”

பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மண்ணும் பற்றையும் எடுத்தபோது அடியில் சதுரமாக ஒரு மேடை வந்தது. அதற்கு மேலே மூன்று வளையம், படிக்கட்டுப் போல ஒன்றுக்குள் ஒன்று. அதற்கு மேலே கவிழ்த்த சட்டி போன்ற உடல். நாலு திசையிலும் பூ வைக்கிற மேடை. உள்ளே வெற்றிடம் கிடையாது, அடிமுதல் நடுவரை செங்கல்லே நிரம்பிக் கிடந்தது. ஒவ்வொரு வரியும் உள்நோக்கிக் கொஞ்சம் சரிந்திருந்ததாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது. அரித்த களிமண்ணை மோர் போலக் கரைத்துத் தடவி வைத்திருக்கிறார்கள். “அந்த ஆக்கள் சாந்தை நம்பேல்ல மச்சான், கல்லை நம்பியிருக்காங்க” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் எதையும் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விழுந்த இடத்தை நிரப்பப் புதுக்கல் வேண்டியிருந்தது. கடைக்கல் சரிவராது. பழைய கல் பதினைந்து அங்குல நீளம், எட்டு அங்குல அகலம், இரண்டரை அங்குலக் கனம். அந்த அளவில் அறுத்துச் சுட்டுத் தர முடியுமா என்று அப்போதிருந்த ஓவர்சியர் கேட்டார். நல்லரத்தினம் ஓம் என்றார். அன்னப்பூரணியின் வயல் மூலையில் களி எடுத்து, ஏறாவூர் றமீஸின் நெல் மில்லில் உமி ஏற்றி வந்து, புருசனும் பெண்சாதியுமாகக் களியோடு சேர்த்து மிதித்தார்கள். முதல் சூளையில் பாதி வெடித்தது. இரண்டாம் சூளை வெடிக்கவில்லை, ஆனால் கல் தட்டுப் போல வளைந்தது. மூன்றாவதுதான் சரிவந்தது. அதற்குப் பிறகு வந்த கல் ஒவ்வொன்றிலும் ஆண்டைக் குத்த வேண்டும் என்று கந்தோர் ஓர் அச்சு கொடுத்தது. பழையது எது, புதியது எது என்று பிறகு வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

வளைந்த கல் இரண்டாயிரத்துக்கு மேலே மிஞ்சிக் கிடந்தது. அதில் ஆண்டு கிடையாது.

“இதை நான் எடுக்கட்டா ஐயா?” என்று நல்லரத்தினம் கேட்டார்.

“எடு, எடு. இடத்தைத் துப்பரவாக்கினாப் போதும்” என்றார் ஓவர்சியர்.

அவ்வளவுதான். துண்டுக் கடதாசி எழுதி வாங்கவில்லை. கேட்டவரும் சொன்னவரும் அதைப் பெரிய விடயமாக நினைக்கவில்லை. அந்த ஓவர்சியர் மாற்றலாகிப் போய், கொரோனாக் காலத்தில் இறந்தும் போனார்.

மச்சானுக்கு ஒரே மகள், கம்சாயினி. அவளுக்குக் கலியாண வயது வந்ததும் அந்தக் கல்லால் அன்னப்பூரணியின் வளவிலேயே வீடு எழும்பியது. வளைந்த கல்லை வளைவு தெரியாமல் வைக்க அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை குருக்கள்மடத்து லக்ஷன், கட்டாரில் வேலை. இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆவணியில் கலியாணம், அதற்கு முன்னால் வீட்டைக் கம்சாயினியின் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று பேச்சு. லக்ஷனுக்கு இரண்டு மாத லீவு. அந்த ஆவணியை விட்டால் இன்னும் இரண்டு வருடம்.

ஆடி மாதம் கந்தோருக்குப் பெட்டிசம் போனது. தூபிக் கல்லைத் திருடி மேசன் மகளுக்கு வீடு கட்டுகிறான் என்று, பேர் போடாத பெட்டிசம். யார் எழுதினார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. எழுதினவரும் எனக்குச் சொந்தம் என்பதால் அதை விடுகிறேன்.

கந்தோரின் சிங்கள மேலதிகாரி, நாங்கள் பெரிய மாத்தயா என்கிறவர், ஒரு காலையில் ஜீப்பில் வந்தார். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச்சுக் குறைவு. புதிதாக வந்திருந்த ஓவர்சியர் நிதுர்ஷன்தான் மொழிபெயர்த்தார். வீட்டின் மூன்று பக்கமும் சாந்து பூசியாகிவிட்டது. சாமியறையின் மேற்குச் சுவர் மட்டும் கல் தெரிய நின்றது. மாத்தயா அங்கே டேப் பிடித்து அளந்தார். பதினைந்து, எட்டு, இரண்டரை.

“அளவு ஒண்டுதான், ஆண்டும் இல்லை, ஏன் எண்டு கேக்கிறார்” என்றார் நிதுர்ஷன்.

“அச்சு வாறதுக்கு முன்னால சுட்ட கல்லு, ஐயா. முந்தின ஓவர்சியர் எடுக்கச் சொன்னவர்.”

“எழுத்தில இருக்கா?”

“வாய்ச்சொல்லுதான், ஐயா.”

இரண்டு கல்லைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கலாம், முடிவு வர நாலு மாதமாகும், அதுவரை வீட்டில் ஒன்றும் செய்யக்கூடாது, உறுதியும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டு மாத்தயா ஜீப்பில் ஏறினார். மச்சானையும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

அடுத்த நாள் லக்ஷனின் தாய் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். நானும் அங்கே இருந்தேன். வெற்றிலைத் தட்டை வைத்தோம், தொடவில்லை.

“வழக்குக் கிடக்கிற வீட்டை எழுதித் தந்தா என்ட மகன் எங்க குடி போற, கோட்டுக்கா?”

“வழக்கு ஒண்டுமில்ல மச்சாள். அளந்து பார்த்தவங்க, அவ்வளவுதான்” என்றாள் அன்னப்பூரணி.

“சும்மா கிடக்கிற சுவரை ஆரும் அளப்பானா? குருக்கள்மடத்தில சந்திக்குச் சந்தி கேக்கிறாங்க, சம்மந்தி விகாரையைக் கழட்டிக்கொண்டு வந்து வீடு கட்டினவராமே எண்டு. இன்னும் பத்து நாள் பார்ப்பம். அதுக்குள்ள ஒரு கடிதம் வரட்டும். இல்லாட்டிப் பொடியன் கட்டாருக்கே கிறுகிப் போகட்டும், அடுத்த லீவில பேசுவம்.”

அடுத்த லீவு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கியது. கம்சாயினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மச்சான் முற்றத்தில் குந்தியிருந்து ஒரு கல்துண்டால் நிலத்தில் கீறிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா போன பிறகு அன்னப்பூரணி குசினிக்குள் போய் ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொண்டு வந்தாள்.

“இஞ்சேருங்க, இதுக்குள்ள பாருங்க” என்றாள்.

பேணிக்குள் பாதி செங்கல் தூள், பாதி உடைந்த துண்டு. குத்துவிளக்குத் துலக்க அவள் கல்லுமேட்டடியில் கிடந்த உடைசலைப் பொறுக்கி வந்து உரலில் இடிப்பாளாம், எத்தனையோ வருடமாக. கடைத் தூளை விட இதற்குத்தான் பித்தளை பளிச்சென்று வரும் என்றாள்.

“எடியே, உன்னை ஆர் அங்க போய் எடுக்கச் சொன்ன?” மச்சானுக்குக் குரல் ஏறிவிட்டது. “இருக்கிற பெட்டிசம் போதாதா?”

“அதை மறுகா ஏசுங்க. முதல்ல துண்டுக்கு உள்ளுக்குப் பாருங்க. இது தவிடு மாதிரி நொறுங்கின உமி. நாம சுட்ட கல்லு இப்பிடியா இரிக்கி? நான்தானே மிதிச்சனான், எனக்குத் தெரியாதா?”

மச்சான் துண்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். களியோடு சேர்த்த உமி சூளையில் எரிந்துவிடும், ஆனால் அது கிடந்த அச்சு கல்லுக்குள் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் நெல்லை உலக்கையால் இடித்தார்கள், உமி நொறுங்கியது. றமீஸின் மில்லில் இருப்பது றப்பர் உருளை. நெல் அதற்குள் போனால் உமி நொறுங்காது, சின்னத் தோணி போல இரண்டாய்ப் பிளந்து வரும். எட்டு வருடம் பழைய கல்லைச் செதுக்கிய மனுசனுக்கு அது கண்ணில் பட்டுத்தான் இருக்கும். சொல்ல வேண்டிய நேரத்தில் நினைவு வந்தது பெண்சாதிக்கு.

ஆனால் இதைச் சொன்னால் அவள் உடைசல் எடுத்ததையும் சொல்ல வேண்டும். அதுவும் குற்றம்தான், எல்லைக்கல்லோடு நிற்கிற பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. மாத்தயாவை அங்கேயே போய் வேறொரு துண்டைப் பார்க்கச் சொல்லலாமே, பேணியைக் காட்டத் தேவையில்லையே என்று நான் சொன்னேன்.

“பழைய கல்லுக்குள்ள எப்பிடி இருக்குமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்களே அண்ணா? பொய்க்கு மேல பொய்யா?” என்றாள்.

நாங்கள் நிதுர்ஷனிடம் சொல்லியனுப்ப, மூன்றாம் நாள் மாத்தயா மறுபடி வந்தார். றமீஸையும் போன் பண்ணி அழைத்திருந்தோம். அவர் ஒரு சாக்கு உமியோடு லொறியில் வந்து இறங்கினார். அன்னப்பூரணி பேணியை மாத்தயாவின் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். நிதுர்ஷன் சிங்களத்தில் சொல்லும்போது பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

“அக்கா, விளக்குத் துலக்கினதையும் சொல்லட்டா?”

“சொல்லுங்க தம்பி. அது இல்லாட்டி இது விளங்காது.”

மாத்தயா துண்டைக் கண்ணாடிவில்லை வைத்துப் பார்த்தார். பிறகு சாக்கில் இருந்து ஒரு பிடி உமியை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார்.

“என்ட மில்லுக்குப் பதினாலாம் ஆண்டுதான் இந்த உருளை போட்ட, சேர். பில் கிடக்கு” என்றார் றமீஸ். “உமியைக் கையில வச்சுப் பாக்க ஜீப்பில ஆள் வாறதைக் கண்டிட்டன். இனி மவுத்தானாலும் குறையில்ல.”

மாத்தயா சிரிக்கவில்லை. சுவரில் சோக்கட்டியால் ஒரு கல்லில் புள்ளடி போட்டு, இதை உடை என்றார்.

கூலியாள் ஒருவன் அலவாங்குக் கம்பியோடு வந்தான். மச்சான் அதை வாங்கிக்கொண்டார். தான் வைத்த கல்லைத் தானே பெயர்த்து, முற்றத்தில் போட்டு இரண்டாக உடைத்தார். உள்ளே தோணி தோணியாக அச்சு.

ஒரு கல் போதாதாம். இன்னொன்றில் புள்ளடி விழுந்தது. பிறகு அதற்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. மாத்தயா தன் மனம் போனபடி தெரிந்தெடுத்தார். ஏழு கல் உடைந்தது. அந்த ஏழோடு சேர்ந்து பிடியில்லாமல் சரிந்தது இன்னும் நாற்பது இருக்கும். ஏழாவதையும் பார்த்துவிட்டு மாத்தயா கைத்தூசியைத் தட்டினார்.

ஜீப்பின் முகப்பில் கடதாசி வைத்து, சிங்களத்தில் நாலு வரி எழுதினார். இந்த வீட்டுக் கல் புதுக்கல், தூபிக்குரியதல்ல என்று நிதுர்ஷன் கீழே தமிழில் எழுதினார். மேசன் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று ஒரு வரி. பேணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மிச்சத் துண்டை மட்டும் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஏறும்போது அன்னப்பூரணியிடம் அவரே தமிழில் சொன்னார்:

“அம்மா, இனி விளக்குக்குச் சாம்பல்.”

“ஓம் மாத்தயா. சாம்பலும் தேசிக்காய்ப் புளியும்.”

கடிதத்தின் பிரதி குருக்கள்மடத்துக்குப் போனது. பிறகு சுவர்தான் மிச்சம். வாசல் பெரிதாக ஒரு ஓட்டை. அந்த அளவுக் கல் கைவசம் இல்லை, புதிதாகச் சுட்டெடுக்க நாளும் இல்லை. சிமெந்துக் கல்லால் அடைக்கலாம் என்று நான் சொன்னேன். மச்சானுக்கு மனமில்லை. “சாமியறைக்கு ஒட்டுப்போட்ட சுவரா?” என்றார். ஒரு பழைய யன்னலைத் தேடிப் பிடித்து, ஓட்டையைச் சதுரமாக்கி அதில் வைத்தார். சாமியறைக்கு மேற்கே யன்னல் வைப்பார்களா என்று லக்ஷனின் தாய் கேட்டாள். கேட்டுவிட்டு வெற்றிலை போட்டாள். ஆவணியில் உறுதி எழுதி, தாலி கட்டியாயிற்று.

அந்த யன்னலால் பார்த்தால் கல்லுமேடு தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது மற்றப் பக்கம். யன்னலுக்கு நேரே பக்கத்து வளவின் கக்கூசு.

தூபியில் வேலை முடிந்துவிட்டது. உடலை, நின்ற உயரத்துக்கு மேலே இன்னும் ஓர் ஆளுயரம் எழுப்பி, மழைத் தண்ணீர் இறங்காமல் மூடி நிறுத்தினார்கள். மேலே எப்படி இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் அதற்கு மேல் கட்டவில்லை. மச்சான் இப்போதும் அன்னப்பூரணியின் வீட்டிலேயே இருக்கிறார், ஊருக்குக் கல் சுட்டுக் கொடுக்கிறார். போன மாதம் எனக்குக் கோழிக்கூட்டுக்கு ஐம்பது கல் தந்தார். ஒவ்வொன்றிலும் ஆண்டு குத்தியிருக்கிறது.