சென்னைச் சீனர் வீட்டுக் கல்யாணம், கேட்டி, டெக்சாஸ்

இது 1999 மார்ச்சில் போன பயணம். டாலஸை ஒட்டிய பிளானோவிலிருந்து ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி வரை, காரில், தனியாக. என் ஹெச்-1 வேலை விசாவின் ஆறாவது, கடைசி வருடம் ஓடிக்கொண்டிருந்தது. கிரீன் கார்டு என்ன ஆயிற்று என்று வக்கீலிடமிருந்து சத்தமே இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் லில்லி கூப்பிட்டாள்.

"சனிக்கிழம கல்யாணம்டி. நீ வெள்ளிக்கிழமயே வந்துடு. அப்பா ஒரு மாதிரி இருக்காரு."

லில்லி என் கல்லூரித் தோழி. சென்னையில் பிறந்த சீனப் பெண். கொள்ளுத்தாத்தா ஹூபே மாகாணத்திலிருந்து வந்து சென்னையில் பல் வைத்தியம் பார்த்தவர். அப்பா வரைக்கும் அதே தொழில். வீட்டுக்குள் சீனம், வாசலைத் தாண்டினால் அசல் மெட்ராஸ் தமிழ். இப்போது லில்லி ஹூஸ்டனில் நர்ஸ். மாப்பிள்ளை ஜெபராஜ், பாளையங்கோட்டைக்காரர், எண்ணெய்க் கம்பெனி என்ஜினியர்.

பிளானோவில் 75-ஆம் ஹைவே பிடித்துத் தெற்கே போனால் டாலஸ் டவுன்டவுன் தாண்டி ஐ-45 வரும். ஹூஸ்டனில் ஐ-10 மேற்கு. மொத்தம் ஏறத்தாழ 270 மைல், சாதாரணமாக ஐந்து மணி நேரம். எனக்குக் கொட்டுகிற மழையில் ஏழு ஆனது. ஹன்ட்ஸ்வில்லில் நிறுத்திப் பெட்ரோல் போட்டேன். அங்கிருந்தும் வக்கீல் ஆபீசுக்கு ஒரு போன் போட்டேன், வெட்கமில்லாமல்.

கேட்டியில் லில்லி வீட்டுக் கதவைத் திறந்தவர் அவள் அப்பா, லியூ அங்கிள். "வாம்மா. மழைல எப்டி ஓட்டினு வந்த?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கராஜுக்குப் போய்விட்டார். அன்று மாலை முழுவதும் அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குச் சர்ச். அதற்கு முன் வீட்டில் தேநீர்ச் சடங்கு. மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். உள்ளே சிவப்புப் பேரீச்சையும் தாமரை விதையும் கிடக்கும். பெரியவர் குடித்துவிட்டுச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். குடிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. லில்லியின் முகமே சொன்னது.

லில்லி நீட்டிய கோப்பையை அங்கிள் வாங்கவில்லை. ஜெபராஜைப் பார்த்துக் கேட்டார்.

"அறுபத்திரண்டுல சைனாவோட சண்ட வந்துச்சு. நான் பொறந்ததே மெட்ராஸு. ஆனா ஊர விட்டு வெளிய போவணும்னா போலீஸாண்ட பர்மிஷன் வாங்கணும். எத்தினியோ வருஷம் வாங்கினேன். என் அண்ணன் சாவுக்குக் கல்கத்தா போறதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிருச்சு. நாளைக்கு இன்னொரு சண்ட வந்தா இவள யாருன்னு சொல்லுவ?"

"எனக்குச் சொல்லத் தெரியல அங்கிள்" என்றார் ஜெபராஜ். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. நானும் ஒரு நாட்டில் அனுமதிக்காகக் காத்திருப்பவள்தானே.

அப்போது ஜெபராஜின் அம்மா கிரேஸ் ஆன்ட்டி பேசினார்.

"அண்ணாச்சி, அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன். இவள வெளியாளுன்னு சொல்லிக்கிட்டு எவனாவது என் வாசலுக்கு வந்தாம்னா, மொதல்ல என்னைய வெளிய தள்ளிட்டுத்தான் அவ கிட்ட வரணும். இப்ப டீய வாங்கிக் குடிங்க. பிள்ளைக்கு முட்டி வலிக்கும்லா?"

அங்கிள் இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஒரு பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்கி இருமல் வந்துவிட்டது. கிரேஸ் ஆன்ட்டிதான் முதுகில் தட்டினார். லில்லி சிரித்துக்கொண்டே அழுதாள். சர்ச்சுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனோம்.

இதே பாதையில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலமென்றால் ஹூஸ்டனுக்குள் வெள்ளிக்கிழமை மாலை நுழையாதீர்கள். சீன வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளை உடை வேண்டாம், கடிகாரம் பரிசு வேண்டாம். இரண்டும் சாவைக் குறிக்கும். ஆரஞ்சுப் பழம் நல்லது. கோழி வறுவலில் சோயாவோடு கறிவேப்பிலையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், சமைத்தவர் சென்னைக்காரர்.

எனக்குத் திரும்பி வரும்போதும் மனம் நிலைகொள்ளவில்லை. கிரீன் கார்டும் அந்த வருடம் வரவில்லை. ஆனால் ஞாயிறு காலை கிளம்புமுன் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சமையலறை அலமாரி மேல் அங்கிள் தன் முன்னோர் படங்களை வைத்து, ஆளுக்கொன்றாக ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். காபிக்கு வந்த கிரேஸ் ஆன்ட்டியிடம், திரும்பாமலே கேட்டார்.

"உங்க வூட்டுக்காரரு பேரு இன்னாம்மா?"

ஆன்ட்டியின் கணவர் இறந்து பல வருடமாகிறது. ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஊதுவத்தி வழக்கமில்லாதவர்.

"சாமுவேல்" என்றார்.

அங்கிள் இன்னொரு ஊதுவத்தியை எடுத்துப் பற்ற வைத்தார்.