பெண்கள் கவுன்ட்டரில் எடுத்த இரண்டு டிக்கெட்

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் அன்று, யார் அதிகமாகப் புதுப்படம் பார்த்திருக்கிறாளோ அவள்தான் அந்த வாரம் முழுக்க முதல் பெஞ்சின் நடுவில் உட்காருவாள். புதுப்பாவாடை, பட்டாசு எல்லாம் அதற்குப் பிறகுதான். முந்தைய வருடம் பாத்திரக்கடைக்காரர் மகள் இரண்டு படம் பார்த்துவிட்டு வந்து எங்களை ஆட்டிப்படைத்தாள். நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு நிலைமை அப்படி. அதைப் பெஞ்சிடம் சொன்னால் பெஞ்சு கேட்குமா?

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் மாமா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்பா ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தோடு தனியாகக் கிடந்தார். கேஸ் நடந்த அந்த ஒன்றரை வருடமும் அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் கோர்ட்டு ஒரே ஒரு பகலைக் கொடுத்தது. தீபாவளிக்கு மறுநாள், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை. சொன்ன நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், மாதம் இரண்டு ஞாயிறு அனுப்புவதைப் பற்றி அடுத்த வாய்தாவில் பார்க்கலாம் என்றார்களாம். பெரியவர்கள் இதைப் பேசியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மண்டை முழுக்கப் பெஞ்சு.

தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரி வாசலில் அப்பா நின்றார். புதுச்சட்டைக் காலரில் மஞ்சள் தடவியிருந்தது. திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தத்தின் நீலம் நகக்கண்களில் இருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஒரு பையில் திராட்சையும் இன்னொரு பையில் எனக்கு ஒரு சுடிதாரும் வைத்திருந்தார். சுடிதார் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய என் அளவில் இருந்தது. என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நூறு ரூபாய்த் தாளை என் கையில் தீபாவளிப் படியாக வைத்து, எங்கே போகலாம் என்று கேட்டார். தேனிக்குப் போய் மூன்று படம் பார்க்கவேண்டும் என்றேன்.

இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கும் அப்பாவிடம் கேட்கவோ சொல்லவோ எனக்கு வேறு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் தோட்டத்துக்குப் போகலாமா என்று இழுத்துப் பார்த்தார். அங்கே நான் பெயர் வைத்த நாய் குட்டி போட்டிருக்கிறதாம். குட்டி எங்கேயும் ஓடிவிடாது, புதுப்படம் ஓடிவிடும் என்றேன். வாய் அப்போதே ஒன்பது முழம்.

முதல் படம் காலைச் சிறப்புக் காட்சி. அப்பா திராட்சையை ஒவ்வொன்றாகக் கிள்ளி என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நகைச்சுவை வந்தால் கொட்டகையே சிரிக்கும், நானும் சிரிப்பேன், அதற்குப் பிறகுதான் அவர் சிரிப்பார். பாவம், படம் புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் காதில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் "அப்படியா ஆத்தா" என்றார். இரண்டாவது படத்திலும் அதே கதை. படம் பார்க்கத் தெரியாத மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்தோமே என்று எனக்குக் கொஞ்சம் சலிப்புக்கூட வந்தது.

அது முடிந்து வெளியே வந்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்.

"நேரமாச்சு ஆத்தா. ஆறு மணிக்கு உன்னைய அங்கன விடணும். இன்னொரு நாள் வருவோம்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். இரண்டு படமென்றால் பாத்திரக்கடைக்காரர் மகளோடு சரிக்குச் சரி, அவ்வளவுதான். மூணுன்னு சொல்லிட்டு ஏமாத்துறீகளே என்று கண்ணைக் கசக்கினேன். பக்கத்துத் தெருவில்தான் மூன்றாவது கொட்டகை. சரி, பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு போனார். ஆண்கள் வரிசை தெருமுனை வரை நின்றது. என்னை மர நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் போய் விசாரித்தார். டிக்கெட் தீரப்போகிறது, கடைசியில் நிற்பவர்களுக்குக் கிடைக்காது என்றார்களாம். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"டிக்கெட் இல்லையாம் ஆத்தா. வா, போயிருவோம்."

நான் உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். இரண்டு டிக்கெட். பெண்கள் கவுன்ட்டரில் பத்துப் பேர்கூட இல்லை. கம்பிக்குள் கையை விட்டு, அவர் கொடுத்த நூறு ரூபாயை நீட்டி, நானே எடுத்துவிட்டேன். அப்பா டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவில் போன சின்னமனூர் பஸ்ஸையும் பார்த்தார். என்ன இருந்தாலும் மகள் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பார் என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையோடு கிளம்பிவிட வேண்டும் என்று பேச்சு. விளக்கு எரிந்ததும் நான் இருக்கையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா இழுக்கவில்லை, அதட்டவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படம் ஆரம்பித்த பிறகு பாப்கார்னோடு வந்து உட்கார்ந்தார். அந்தப் போனில் என்ன நடந்தது என்று அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. பிள்ளை ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். சரியாக ஆறு மணிக்குப் பிள்ளை வரவில்லையென்றால் வக்கீலிடம் பேசிக்கொள்கிறோம் என்று மாமா போனை வைத்துவிட்டார். அதைக் கேட்ட பிறகும் அப்பா பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

சின்னமனூரில் இறங்கியபோது எட்டு மணி தாண்டிவிட்டது. பேக்கரி வாசலில் அம்மா அழுது அழுது முகம் வீங்கி நின்றாள். மாமா முன்பெல்லாம் அப்பாவை மச்சான் என்பார். அன்று முறை சொல்லிக் கூப்பிடவே இல்லை.

"பிள்ளை கேட்டுச்சுன்னு போன்ல சொன்னீகள்ல. பிள்ளையவே கேப்போம்" என்றவர் என் பக்கம் குனிந்தார். "நீதான் படத்துக்குப் போகணும்னு நின்னியா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று தோன்றியது.

"நான் இல்ல. அப்பாதான் இருக்கச் சொன்னாக."

அப்பா சட்டைப்பையில்தான் அந்த டிக்கெட் துண்டுகள் இருந்தன. அவர் அதை எடுக்கவில்லை. என் தலையில் கையை வைத்தார்.

"ஆமா, நான்தான் கூட்டிட்டுப் போனேன். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று ராத்திரி முட்டைதோசை கிடைத்தது. பிள்ளை பயந்துபோயிருக்கும் என்று அம்மா மடியில் வைத்து ஊட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி மூன்று படம் என்றேன். கறிக்கடைக்காரர் மகள் மதுரைக்குப் போய் நாலு படம் பார்த்துவிட்டு வந்து, ஏற்கெனவே நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதியம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, மிட்டாய் கொடுத்து, அன்று என்ன நடந்தது என்று அன்பாகத்தான் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒருமுறை சொன்னதை மாற்றினால் இரண்டு அடியாக விழுமே என்ற பயம். போதாததற்கு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று நான் அழுதேன் என்று பொய்க்கு ஒரு வாலையும் சேர்த்துவிட்டேன். மாதம் இரண்டு ஞாயிறு என்ற பேச்சே பிறகு எழவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டு வளாகத்திலேயே, ஒரு மணி நேரம். எனக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அப்படித்தான். அப்பா பையில் திராட்சை கொண்டுவருவார். நாங்கள் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருப்போம். அந்த நாய் செத்த செய்தியை அங்கே வைத்துத்தான் சொன்னார்.

போன தீபாவளிக்கு ஓடைப்பட்டிக்குப் போயிருந்தேன். மத்தியானம் டிவியில் அந்த மூன்றாவது படத்தைப் போட்டார்கள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அப்பா சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருடம் தள்ளிப்போட்டதை இன்றாவது சொல்லிவிடலாம் என்று, பேச்சை எடுப்பதற்காக, இந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நல்லா இருக்கிறது என்றார். கதாநாயகனின் அண்ணன் கடைசியில் என்ன ஆவான் என்றேன். தெரியாதே என்றார். அண்ணன் என்று ஒருவன் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் திருமண மண்டபக் காட்சி வந்தது. பந்தல் சரிந்து மாப்பிள்ளை வீட்டார் தலையில் விழ வேண்டும். அதற்குள் அப்பா என் பக்கம் திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த எடத்துலதான் உனக்குப் பொரையேறுச்சு. சிரிச்சுச் சிரிச்சு" என்றார்.

"அப்பா, அன்னைக்கு நான் மாமாகிட்ட..."

"அது கெடக்கட்டும் ஆத்தா. இந்தா வருது பாரு."

பந்தல் சரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா காத்துக்கொண்டிருந்தார், நான் சிரித்த பிறகு சிரிப்பதற்காக. அவருக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொண்ட அந்தப் பத்து வயதுப் பெண், அன்று மூன்று படத்திலும் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.